சீனிப் போத்தலும் டொலமைட் மூட்டையும்

மாமாவின் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த இரத்தப் பரிசோதனை அறிக்கையில், கடைசிக்கு முந்திய வரியை யாரோ சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தார்கள். ஹீமோகுளோபின், வெண்குழியம், குருதிச் சிறுதட்டு ஆகிய வரிகளை எனக்குத் தெரிந்தவரை விளக்கிக்கொண்டு வந்த நான், அவர் அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்து, “இது என்னா புள்ள, எல்.டி.எச்.?” என்று கேட்டபோது, “அது ஒரு நொதியம் மாமா” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் எனக்கு, லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற முழுப்பெயரும், அது பைருவேற்றை லாக்டேட்டாக மாற்றும் தாக்கமும் நன்றாகவே தெரியும். ஆனால் அந்தத் தாக்கத்துக்கும், எதிரே வாங்கில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் தாயின் அண்ணனுக்கும் என்ன தொடர்பு என்பதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று தொடங்கிய வாசிப்பின் பயனே இந்தக் கட்டுரை.

மாமா ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கங்காணியாக இருந்தவர். கொழுந்து மலைகளில் உரம் போடுவதையும் கவ்வாத்து வேலையையும் மேற்பார்த்தே அவருடைய காலம் போனது. ஏறி இறங்கிய மலையில் மூச்சு வாங்கத் தொடங்கியதும், பல்முரசில் இரத்தம் கசிந்ததும், அடிபடாமலே காலில் நீலம் பாய்ந்ததும்தான் முதல் அறிகுறிகள். கடும் மைலாய்ட் லியூக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய்தான் என்று உறுதியான பிறகு, விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு, கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக அவிசாவளையில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகும் பயணம் எங்கள் குடும்பத்தின் நாட்காட்டியாகிவிட்டது.

முதல் சுற்று மருந்து முடிந்து வீடு திரும்பிய வாரத்தில்தான் சீனிப் போத்தல் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. புற்றுநோய் சீனியைத் தின்றுதான் வளர்கிறது, சீனியை நிறுத்தினால் நோய் பட்டினியில் செத்துவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்ததாக உறவினர் ஒருவர் அத்தையிடம் சொல்லியிருந்தார். அத்தை மனப்பூர்வமாக அதை நம்பினார். சாயத்தண்ணியில் சீனி நின்றது, பிறகு சோறு குறைந்தது, பிறகு வாழைப்பழமும் நின்றது. வாய்ப்புண்ணால் ஏற்கெனவே சாப்பிட முடியாமல் இருந்த மனிதர் மூன்று வாரத்தில் நான்கு கிலோ மெலிந்தார். நானும் அந்த வீட்டில் இருந்தேன். அது சரியில்லை என்று உள்ளூரத் தோன்றியும், தவறு என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் தெளிவு இருக்கவில்லை. ஏனென்றால் அந்தக் காணொளியின் அடியில் உண்மை ஒன்றும் கிடந்தது.

அந்த உண்மை ஒரு நூற்றாண்டுப் பழையது. 1920களில் ஜேர்மனிய உயிரிரசாயன அறிஞர் ஒட்டோ வார்பர்க், புற்றுக்கலங்கள் குளுக்கோசை அளவுக்கு மீறி உள்ளெடுப்பதையும், ஒட்சிசன் தாராளமாக இருக்கும்போதே அதை முழுமையாக எரிக்காமல் லாக்டேட்டாக மாற்றி வெளியே தள்ளுவதையும் கண்டார். ஒட்சிசன் போதாதபோது தசைக்கலம் செய்கிற வேலையைப் புற்றுக்கலம் எந்த நெருக்கடியும் இல்லாமலே செய்கிறது. எங்கள் தொழிற்சாலைகளில் அரைத்த கொழுந்தைப் பரப்பி வைத்துப் ‘புளிக்க விடுவது’ என்று சொல்கிறார்களே, உண்மையில் அங்கே நடப்பது நொதித்தல் அன்று; இலையின் நொதியங்கள் காற்றின் ஒட்சிசனைக் கொண்டு செய்யும் ஒட்சியேற்றம் அது. புற்றுக்கலத்தில் இது தலைகீழாக நடக்கிறது: காற்று இருந்தும் அங்கே நிகழ்வது நொதித்தல்தான். வகுப்பில் இந்த இரண்டையும் அருகருகே வைத்துச் சொன்ன பிறகுதான் என் மாணவர்களுக்கு வார்பர்க் விளைவு மனதில் நின்றது.

ஒரு குளுக்கோசு மூலக்கூறைக் கலத்தின் சக்திக்கூடமான இழைமணிவரை கொண்டுபோய் எரித்தால், கலம் சக்திக்காகச் செலவிடும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் ஏறத்தாழ 30 கிடைக்கும், லாக்டேட்டோடு நிறுத்திவிட்டால் கிடைப்பது 2 மட்டுமே. பிறகு ஏன் இந்த வீண்செலவு? வேகமாகப் பிரியும் கலத்துக்குச் சக்தி மட்டும் போதாது, புதிய டி.என்.ஏ.வுக்கும் மென்சவ்வுக்கும் புரதத்துக்கும் மூலப்பொருள் வேண்டும். குளுக்கோசைப் பாதிவழியில் உடைக்கும்போது கிடைக்கும் இடைப்பொருள்களே அந்த மூலப்பொருளாகின்றன. இதை வெறும் ஊதாரித்தனம் என்று நினைத்திருந்த நான், கட்டுமானக் கணக்கு என்று புரிந்துகொண்டபோதுதான் அடுத்த உண்மையின் கனம் எனக்கு உறைத்தது.

வெண்குழியங்களில் ஒரு வகையாக நம்மைக் காக்கும் டி நிணநீர்க்குழியங்களும் இதையேதான் செய்கின்றன. ஓய்வில் இருக்கும் டி குழியம் சிக்கனமானது. ஆனால் எதிரியை இனங்கண்டு விழித்ததும் அது பல மடங்கு பெருத்து, ஒரு நாளைக்குள் பல தடவை பிரியத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் குளுக்கோசை உள்ளே கொண்டுவரும் கடத்திகளை மேற்பரப்பில் கூட்டிக்கொண்டு, புற்றுக்கலத்தைப் போலவே ஒட்சிசன் இருக்கும்போதே லாக்டேட்டை உண்டாக்குகிறது. காவலாளிக்கும் கள்ளனுக்கும் ஒரே சட்டியிலிருந்துதான் சோறு. சோறு குறைந்தால் காவலாளி களைத்துப்போவதோடு விஷயம் முடிவதில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, குளுக்கோசை உடைக்கும் பாதையில் வேலை செய்யும் ஜி.ஏ.பி.டி.எச். என்ற நொதியம், அந்த வேலை இல்லாதபோது சும்மா இருப்பதில்லை என்று காட்டியது. அது இன்டர்பெரோன் காமா என்ற போர்ப்புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொண்டு, அந்தப் புரதம் உருவாவதையே தடுத்துவிடுகிறது. குளுக்கோசு வரத்து நின்ற டி குழியம் உயிரோடு இருக்கும், எதிரியையும் அடையாளம் காணும். ஆனால் அதன் கையில் ஆயுதம் இராது. ஆண்டுக்கணக்காகப் பாடப்புத்தகத்தில் ஒரு படிநிலையின் பெயராக மட்டும் நான் எழுதிப்போட்ட நொதியம் இப்படி இரட்டை வேலை பார்க்கிறது என்பதை வாசித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. புற்றுக்கலமும் டி குழியமும் உணவுக்குப் போட்டியிடுகின்றன என்பதைக் காட்டிய ஆய்வுகளில் பல, தோல், குடல் போன்ற இடங்களில் தோன்றும் திண்மக் கட்டிகளில் செய்யப்பட்டவை. அங்கேயும் கதை எளிதன்று: எலிகளின் கட்டிகளில் செய்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கலத்துக்கு எவ்வளவு என்று கணக்கிட்டபோது, குளுக்கோசை அதிகமாக எடுத்தவை புற்றுக்கலங்கள் அல்ல, அங்கே குடியேறியிருந்த மைலாய்ட் வகை நிர்ப்பீடனக் (நோயெதிர்ப்பு) கலங்கள் என்றும், புற்றுக்கலங்கள் முதன்மையாக எடுத்தது குளுட்டமின் என்ற அமினோவமிலத்தை என்றும் தெரியவந்தது. லியூக்கேமியாவிலோ வழக்கமாகக் கட்டி என்று ஒன்று இல்லை. இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் குளுக்கோசு அளவை ஈரல் விடாமல் சமன்செய்கிறது. ஆகவே மாமாவின் நரம்பில் ஓடிய இரத்தத்தில் குளுக்கோசுப் பஞ்சம் இருக்கவில்லை. பஞ்சம் ஏற்படக்கூடிய இடம், எலும்புக்குள் இரத்தக் கலங்கள் பிறக்கும் என்பு மச்சை. சாதாரண நாட்களிலேயே ஒட்சிசன் குறைவான அந்தக் குறுகிய இடத்தில், முதிராத கலங்கள் நூற்றுக்கு 20ஐத் தாண்டுவதே இந்த நோயின் வழக்கமான வரையறை. பலருக்கு அது அதைவிட எவ்வளவோ கூடுதலாக இருக்கும். லயத்து அறை ஒன்றில் மூன்று குடும்பம் குடியிருந்தால் தண்ணீர்க் குழாயடியில் என்ன நடக்குமோ, அதுதான் அங்கேயும் நடக்கும்.

சீனிப் போத்தலைப் பற்றிய தெளிவு இங்கேதான் எனக்குக் கிடைத்தது. வாயால் சீனியை நிறுத்தினால் மச்சைக்குள் இருக்கும் லியூக்கேமியாக் கலம் பட்டினி கிடக்காது. உணவு வராதபோது உடல் முதலில் ஈரலில் சேமித்த கிளைக்கோசனை உடைக்கும். அது தீர்ந்ததும் தசைப் புரதத்தை உடைத்து, அதன் அமினோவமிலங்களிலிருந்து ஈரலில் குளுக்கோசைப் புதிதாகச் செய்யும். நோய்க்கு வேண்டியது எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். கரைவது நோயாளியின் தோளும் தொடையும். அடுத்த சுற்று மருந்தைத் தாங்குவதற்கும், அந்த மருந்து அழித்த நல்ல வெண்குழியங்களை மீண்டும் உண்டாக்குவதற்கும் தேவைப்படும் புரதமும் அதோடு போய்விடும். நான்கு கிலோ எங்கே போனது என்பதற்கு விடை இதுதான். வார்டில் இருந்த தாதி ஒருவர் அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, முட்டையும் பருப்பும் நன்றாக வேகவைத்த சோறும் கொடுக்கும்படியும், சாயத்தண்ணியில் சீனி போடும்படியும் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் போத்தல் கீழே இறங்கியது. நீரிழிவு உள்ளவருக்குக் கணக்கு வேறு. அதை அவருடைய வைத்தியர் சொல்லவேண்டும். மாமாவுக்கு நீரிழிவு இருக்கவில்லை.

என் மதிப்பில், புற்றுக்கலம் எதைத் தின்கிறது என்ற கேள்வியைவிட, தின்றபின் எதைக் கொட்டுகிறது என்ற கேள்வியே இரத்தப் புற்றுநோயில் முக்கியமானது. இதை மாமாவுக்கு விளக்க எனக்கு உதவியது அவருடைய மண்தான். தேயிலை புளித்த மண்ணை விரும்பும் செடி, பீ.எச். பெறுமானம் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால் செழிக்கும். அதே மண்ணில் லீக்ஸும் கரட்டும் போட்டால் விளைச்சல் சரியாக இராது. நுவரெலியாவில் மரக்கறி செய்பவர்கள் மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூளைப் பாத்திக்கு இடுவது அதனால்தான். ஒரே மண், ஒரு செடிக்கு இதம், இன்னொன்றுக்கு நஞ்சு. லியூக்கேமியாக் கலம் லாக்டேட்டையும் அதோடு ஐதரசன் அயனையும் சேர்த்தே வெளியே தள்ளுகிறது. சுற்றிலும் புளிப்பு ஏறுகிறது. வேலையில் இருக்கும் டி குழியமும் தன் லாக்டேட்டை வெளியே அனுப்பியாக வேண்டும். வெளியில் ஏற்கெனவே அது நிறைந்திருந்தால் கதவு திறந்தும் சரக்கு வெளியேறாது. உள்ளேயும் புளிப்பு ஏறி, பிரிதலும் தாக்குதலும் தளர்ந்துபோகும். இயற்கைக் கொல்லிக் குழியங்களுக்கும் இதே கதிதான். ஆனால் நிர்ப்பீடனத்தை அடக்கிவைப்பதற்கென்றே உடலில் இருக்கும் ஒழுங்காக்கும் டி குழியங்கள் இந்தப் புளிப்பில் வாடுவதில்லை. லாக்டேட்டையே எரிபொருளாக எடுத்துக்கொள்ளவும் அவற்றால் முடியும். தாக்க வேண்டியவை வாடி, தடுக்கிறவை தழைக்கும் மண்ணாக மச்சை மாறுகிறது. தேயிலைக்கும் லீக்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னதும் மாமா தலையை ஆட்டினார். அதற்கு மேல் விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

லாக்டேட் மட்டும்தான் ஆயுதம் என்றில்லை. கடும் மைலாய்ட் லியூக்கேமியாவில் மிகவும் தந்திரமானது என்று எனக்குப் படுவது ஆர்ஜினின் திருட்டு. டி குழியம் பிரிவதற்கு ஆர்ஜினின் என்ற அமினோவமிலம் கட்டாயம் வேண்டும். அது குறைந்தால் குழியம் பிரியாமல் நின்றுவிடும். எதிரியை உணர்ந்த செய்தியை உள்ளே கடத்தும் புரதச் சங்கிலி ஒன்றும் மேற்பரப்பிலிருந்து குறைந்துபோகும். 2013இல் வெளியான ஆய்வொன்று, இந்த லியூக்கேமியாவின் முதிராத கலங்கள் ஆர்ஜினினை உடைக்கும் ஆர்ஜினேஸ் நொதியத்தைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல் வெளியே விடுகின்றன என்றும், நோயாளிகளின் குருதித் திரவவிழையத்திலேயே அதன் அளவு உயர்ந்திருக்கிறது என்றும் காட்டியது. மச்சையின் மூலையில் நடக்கும் உள்ளூர்த் தகராறு இல்லை இது. நோய் உடல் முழுவதற்கும் போட்ட தடை. சின்னக் காய்ச்சலுக்கும் ஏன் உடனே வார்டுக்கு வரச் சொல்கிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் இரண்டு காரணம் சொல்வதுண்டு. பெரிய காரணம், நோயும் மருந்தும் சேர்ந்து நல்ல வெண்குழியங்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவது. மற்றது, எஞ்சியிருக்கும் நிணநீர்க்குழியங்களும் முழுப் பலத்தோடு வேலை செய்வதில்லை என்பது.

டிரிப்டோபேன் என்ற இன்னொரு அமினோவமிலத்தை கைனுரெனினாக மாற்றும் நொதியத்தையும் சில லியூக்கேமியாக் கலங்கள் உண்டாக்குகின்றன; அதன் விளைவும் ஒழுங்காக்கும் குழியங்களுக்கே சாதகம். மைலாய்ட் லியூக்கேமியா வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஐ.டி.எச். என்னும் நொதியத்தின் மரபணுவில் பிறழ்வு இருக்கும். அந்தப் பிறழ்வு 2-ஹைட்ரொக்சிகுளுட்டரேட் என்ற பொருளைக் குவித்து மச்சைக் கலங்கள் முதிர்வதைத் தடுக்கிறது. அதே பொருள் டி குழியங்களுக்குள்ளும் புகுந்து அவற்றை மந்தமாக்குவதாக ஆய்வுகள் சொல்கின்றன. இந்த நொதியத்தைத் தடுக்கும் எனசிடெனிப் 2017இலும் ஐவோசிடெனிப் 2018இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

உணவை மறித்தே நோயை அடித்த வெற்றிக்கதை ஒன்றும் இந்தத் துறையில் இருக்கிறது. அது சீனியைப் பற்றியதன்று. 1953இல் கினிப்பன்றியின் குருதிநீர் எலிகளின் நிணநீர்ப் புற்றை அழிப்பதை ஜோன் கிட் என்பவர் கண்டார். அந்தக் குருதிநீரில் இருந்த அஸ்பராஜினேஸ் என்ற நொதியமே அதற்குக் காரணம் என்பது 1960களின் தொடக்கத்தில் தெரிந்தது. பெரும்பாலான நல்ல கலங்கள் அஸ்பராஜினைத் தாமே செய்துகொள்ளும். சிறுவர்களிடம் அதிகம் காணப்படும் நிணநீர் லியூக்கேமியாவின் கலங்களுக்கு அந்தத் திறமை போதாது, அவை குருதியில் வருவதை நம்பியிருக்கின்றன. ஊசியாகப் போகும் அந்த நொதியம் குருதியிலிருக்கும் அஸ்பராஜினை உடைத்துவிட, அந்தக் கலங்கள் மடிகின்றன. இன்றும் அந்தப் பிள்ளைகளின் சிகிச்சையில் அது ஒரு தூண். ஆயினும் விழித்தெழும் டி குழியத்துக்கும் அஸ்பராஜின் தேவை என்பதால், அந்த மருந்து நிர்ப்பீடனத்தையும் ஓரளவு அடக்குகிறது. கள்ளனுக்குப் போகும் உணவை மறிக்கும்போது காவலாளியின் தட்டிலும் குறையும் என்ற பழைய சிக்கல் இங்கேயும் தொடர்கிறது.

டி குழியத்துக்குக் குளுக்கோசு எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு நல்லது என்று நினைத்துவிடவும் கூடாது. நோயாளியின் டி குழியங்களை வெளியே எடுத்து, புற்றை அடையாளம் காணும் ஏற்பியைப் பொருத்தித் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சையை நாட்பட்ட நிணநீர் லியூக்கேமியாவில் ஆராய்ந்து 2018இல் வெளியான முடிவுகள், சிகிச்சை பலிக்காதவர்களின் குழியங்களில் குளுக்கோசை உடைக்கும் கிளைக்கோப்பகுப்புக்கும் களைப்புக்கும் உரிய மரபணுக்கள் மேலோங்கியிருந்ததையும், பலித்தவர்களின் குழியங்கள் நெடுநாள் வாழும் நினைவுக் குழியங்களை ஒத்திருந்ததையும் காட்டின. ஒரேயடியாக ஓடி மூச்சுமுட்டி விழுகிற குழியத்தைவிட, மலையேறத் தெரிந்தவரைப் போல நிதானமாக ஏறும் குழியமே கடைசிவரை நிற்கிறது.

இனி டொலமைட் மூட்டைக்கு வருகிறேன். 2020இல் ஜேர்மனியின் பிரைபர்க் நகர ஆய்வாளர்கள், தானம் பெற்ற மூலக்கலங்களைச் செலுத்திய பிறகும் மைலாய்ட் லியூக்கேமியா திரும்பி வந்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தானமாக வந்த டி குழியங்கள் நோயை அழிக்க வேண்டியவை. அவை ஏன் தளர்ந்தன என்று தேடியபோது, லியூக்கேமியாக் கலங்கள் விடும், லாக்டேட்டின் அமில வடிவமான இலக்டிக் அமிலமே டி குழியங்களின் வளர்சிதைமாற்றத்தை முடக்கியது என்று கண்டார்கள். பிறகு சோடியம் பைகாபனேற்றைக் கொடுத்துப் பார்த்தபோது, எலிகளில் அந்தக் குழியங்கள் நோயைத் தாக்கும் திறன் கூடியது. அதைப் பெற்ற நோயாளிகளின் டி குழியங்களும் தெம்பு பெற்று இன்டர்பெரோன் காமாவைக் கூடுதலாகச் செய்தன. சோடியம் பைகாபனேற்று என்றால் நம் வீட்டு அப்பச்சோடா. இந்த வரியை எழுதும்போதே எனக்கு அச்சமாக இருக்கிறது. ஏனென்றால் சீனிப் போத்தலை மேலே ஏற்றிய அதே கைகள் நாளைக்கு அப்பச்சோடாவைக் கீழே இறக்கக்கூடும். அந்த ஆய்வு கையாண்டது மூலக்கல மாற்றீட்டுச் சிகிச்சை பெற்ற, வைத்தியர்களின் கண்காணிப்பில் இருந்த சிலரைத்தான். சோடா நோயைக் குணமாக்கியது என்று அது சொல்லவில்லை. சோர்ந்த குழியங்கள் மீண்டும் வேலைசெய்ய அது உதவியது என்றே காட்டியது. வீட்டில் அள்ளிக் குடித்தால் உடலின் சோடியமும் பொற்றாசியமும் குழம்பிப்போய் இதயத்துக்கே ஆபத்து வரும்.

இதை மாமாவிடம் சொன்ன மாலையில் அவர் வாசல் திண்ணையில் சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கரண்டி சீனி போட்டது. முழுவதையும் கேட்டுவிட்டு, முன்பொரு தடவை கவ்வாத்து மலையில் மழைக்கு நனைந்து கிழிந்த டொலமைட் மூட்டைகளை ஆட்கள் அங்கேயே கொட்டிவிட்டுப் போனதைச் சொன்னார். கொட்டிய இடத்தைச் சுற்றியிருந்த செடிகள் மட்டும் மஞ்சள் பூத்து நின்றனவாம். “மண்ணு ரொம்பப் புளிச்சாலும் கொழுந்து வராது, ரொம்ப வெளுத்தாலும் வராது. மலைக்கு மண்ணெடுத்துப் பாத்துதான் அளவு சொல்லுவாங்க. ஒடம்புக்கு யாரு புள்ள அளவு பாக்குறது?” என்று கேட்டார்.

நான் வாசித்த எந்தக் கட்டுரையின் முடிவுரையையும்விட அந்தக் கேள்வி கூர்மையாக இருந்தது. குருதியின் பீ.எச். 7.35க்கும் 7.45க்கும் இடைப்பட்ட மெல்லிய வரப்பில் நிற்கிறது என்றும், நுரையீரலும் சிறுநீரகமும் ஒவ்வொரு நிமிடமும் அதைப் பார்த்துக்கொள்கின்றன என்றும், வெளியிலிருந்து எதையாவது கொடுப்பதென்றால் வார்டில் இரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்றும் சொன்னேன். பிறகு, அன்று தவறவிட்ட பதிலையும் சொன்னேன். எல்.டி.எச். என்பது லாக்டேட்டைச் செய்யும் அந்த நொதியமேதான். அது கலங்களுக்குள் இருக்க வேண்டியது. கலங்கள் கூட்டம் கூட்டமாகப் பிறந்து இறக்கும்போது உடைந்து குருதியில் சிந்துகிறது. அதனால் அந்த எண் ஏறுவது மச்சையில் நெரிசல் இருக்கலாம் என்பதற்கு ஓர் அடையாளம். ஆனால் அது புளிப்பை அளக்கும் எண் அன்று. செங்குழியங்கள் உடைந்தாலும் ஈரல் நோயுற்றாலும் அது ஏறும்.

கடந்த மாத அறிக்கையில் அந்த வரியைச் சுற்றி வட்டம் இருக்கவில்லை. அது நல்ல செய்திதான் என்றும், அந்த ஒரு வரியை மட்டும் வைத்து மச்சைக்குள் நடப்பதைச் சொல்லிவிட முடியாது என்றும் இரண்டையும் ஒன்றாகவே அவரிடம் சொன்னேன். அடுத்த மச்சைப் பரிசோதனைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அத்தை இப்போதே பிளாஸ்கைக் கழுவி வைத்துவிட்டார்.